செபாஸ்டியான் அப்ரேயு

வாஷிங்டன் செபாஸ்டியான் அப்ரேயு உருகுவே நாட்டுக் கால்பந்து முன்கள வீரர். 1976 அக்டோபர் 17 அன்று, அந்நாட்டின் லவாஷேகா மாகாணத் தலைநகரான மினாசில் பிறந்தார். 1990களின் நடுவில் மொண்டேவீடியோவின் டிஃபென்சர் ஸ்போர்ட்டிங் கிளப்பில் தொடங்கிய இவருடைய ஆட்டவாழ்க்கை 2021 ஜூனில் முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் 11 நாடுகளில் 31 கிளப்புகளின் சட்டையை அணிந்தார். ஸ்பானிய மொழி பேசும் ரசிகர்களுக்கு இவர் 'எல் லோகோ', அதாவது பித்தன். அதிகக் கிளப்புகளுக்கு ஆடிய தொழில்முறை வீரர் என்று கின்னஸ் பதிவேடு இவரைக் குறித்துக்கொண்டது.

இந்த எண்ணிக்கையை வைத்து இவரை எங்கும் நிலைக்காத வீரர் என்று எடைபோடுவது தவறு. அப்ரேயு ஏன் இத்தனை ஊர் மாறினார் என்பதற்கு, அவருடைய குணத்தைவிட அவர் ஆடிய காலத்தின் கால்பந்து நடைமுறையே பெரிய காரணம். அர்ஜென்டினாவின் சான் லொரென்சோ கிளப்பில் கோல்கள் அடித்துப் பெயர் பெற்ற அவரை 1998-இல் ஸ்பெயினின் டிபோர்டிவோ லா கொருன்யா வாங்கியது. அங்கே அவருக்கு ஆடுவதற்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் அந்தக் கிளப்பிடமே இருந்தது. அடுத்த சில ஆண்டுகள் பிரேசிலின் கிரேமியோ, மெக்சிகோவின் டெக்கோஸ், மறுபடி சான் லொரென்சோ, உருகுவேயின் நசியோனால் என்று இரவல் வீரராகவே கைமாறினார். அதோடு, மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அப்போது ஆண்டுக்கு இரண்டு சாம்பியன் பட்டங்கள் இருந்தன. ஆறு மாதத்தில் ஒரு தொடர் முடிந்துவிடும். கோல் வறட்சியில் தவிக்கும் கிளப்புக்கு அந்த ஆறு மாதத்துக்குள் பலன் தரும் ஆள் தேவை. 1.93 மீட்டர் உயரம், இடதுகால் உதை, பெனால்டி பெட்டிக்குள் உயர்ந்து வரும் பந்தைத் தலையால் முட்டிக் கோலாக்கும் திறமை ஆகிய மூன்றும் அமைந்த அப்ரேயு அப்படிப்பட்ட ஆள். தேவைப்படாமல் அனுப்பப்பட்டதைவிட, தேவைப்பட்டு அழைக்கப்பட்டதே அதிகம்.

மெக்சிகோவில் மட்டும் டெக்கோஸ், குரூஸ் அசுல், அமெரிக்கா, டொராடோஸ், மாண்டெரே, சான் லூயிஸ், டிக்ரெஸ் என்று ஏழு கிளப்புகள். 2002-இன் முற்பாதித் தொடரில் குரூஸ் அசுலுக்காக 19 கோல்கள் அடித்து, அந்நாட்டு லீகில் அதிகக் கோல்கள் அடித்தவரானார். சினலோவா மாநிலத்தின் டொராடோசில் ஆடியபோது உடன் ஆடியவர், பின்னாளில் பயிற்சியாளராகப் புகழ்பெற்ற பெப் கார்டியோலா; வீரராக அவருடைய கடைசி அணி அது. இருவரும் இருந்தும் 2006-இல் டொராடோஸ் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. அர்ஜென்டினாவில் நிலைமை இனிது: 2001-இல் சான் லொரென்சோவுடனும், 2008-இல் டியேகோ சிமியோனே பயிற்றுவித்த ரிவர் பிளேட்டுடனும், இரண்டு தொடர்களில் ஒன்றான கிளவுசுராவின் பட்டம் வென்றார். இஸ்ரேலின் பெய்டார் ஜெருசலேம், அப்போது ஸ்பெயினின் இரண்டாம் டிவிஷனில் இருந்த ரியால் சொசியடாட், கிரேக்கத்தின் ஆரிஸ் ஆகியவை குறுகிய தங்கல்கள்.

2010-இல் பிரேசிலின் பொட்டஃபோகோவுக்கு வந்தார். ரியோ டி ஜெனீரோ மாநிலப் பட்டத்துக்கான இறுதியில் 2007, 2008, 2009 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஃபிளமெங்கோவிடம் தோற்றிருந்த கிளப் அது. அந்த ஏப்ரலில் மரக்கானா அரங்கில் மீண்டும் அதே எதிரி. ஆட்டம் 1-1 என்று நின்றபோது கிடைத்த பெனால்டியை, கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய்ந்துவிழ, அப்ரேயு மெல்லக் கிள்ளி நடுவில் தூக்கிப் போட்டார். பொட்டஃபோகோ 2-1 என்று வென்று பட்டம் சூடியது.

இந்த உதைக்கு 'பனென்கா' என்று பெயர். 1976 ஜூனில், ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராகச் செக்கோஸ்லோவாக்கியாவின் அன்டோனின் பனென்கா செய்து காட்டியது; அப்ரேயு பிறந்ததும் அதே ஆண்டுதான். உதைப்பவர் முழு வேகத்தில் ஓடிவர வேண்டும். பந்தை அடிக்கும் கணத்தில் வேகத்தைக் கொன்று, அடியிலிருந்து கிள்ள வேண்டும். கோல்கீப்பர் அசையாமல் நின்றுவிட்டால் பந்து நேராக அவர் கையில் போய் விழும்; உதைத்தவர் ஊர் முழுக்க அவமானப்படுவார்.

மரக்கானா ஆட்டம் நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 2 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் உலகக் கோப்பைக் காலிறுதி: உருகுவேக்கு எதிரே கானா. எடின்சன் கவானிக்கு மாற்றாக அப்ரேயு இறங்கினார். கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் கோலுக்குள் போகவிருந்த பந்தை உருகுவேயின் லூயிஸ் சுவாரெஸ் கையால் தடுத்து வெளியேற்றப்பட்டார். அதற்குக் கிடைத்த பெனால்டியைக் கானாவின் அசமோவா ஜியான் குறுக்குக் கம்பத்தில் அடித்தார். 1-1. பெனால்டி முடிவாட்டத்தில் உருகுவேயின் ஐந்தாவது உதை அப்ரேயுவுடையது. போட்டால் அரையிறுதி. கோல்கீப்பர் ரிச்சர்ட் கிங்சன் பாய்ந்தார். பந்து மிதந்து நடுவில் இறங்கியது. 4-2. 1970-க்குப் பிறகு, 40 ஆண்டுகள் கழித்து உருகுவே உலகக் கோப்பை அரையிறுதியில் நின்றது. பலரும் இதைப் பித்தனின் துணிச்சல் என்றார்கள். பித்து என்று எனக்குத் தோன்றவில்லை. பெரும் பதற்றத்தில் கோல்கீப்பர் நின்ற இடத்தில் நிற்கமாட்டார் என்ற தெளிந்த கணிப்பு அது. பதினைந்து ஆண்டுகளாகப் பல நாட்டுக் கோல்கீப்பர்களை எதிர்கொண்டவருக்கு வாய்த்த படிப்பு.

தேசிய அணிக்காக 70 ஆட்டங்களில் 26 கோல்கள். அதே உலகக் கோப்பைக்கு உருகுவே தகுதி பெற்றதே, 2009 நவம்பரில் மொண்டேவீடியோவில் கோஸ்டாரிகாவுக்கு எதிராக இவர் அடித்த கோலின் துணையோடுதான். தென்னமெரிக்க நாடுகளுக்கான கோபா அமெரிக்காவின் 2007 அரையிறுதியில் பிரேசிலுக்கு எதிராக 2-2 என்று சமன் செய்த கோலும் இவருடையது. 2011-இல் கோபா அமெரிக்காவை வென்ற அணியிலும் இருந்தார்.

அதன் பிறகு பிரேசிலின் ஃபிகெரென்சே, சிறு வயது முதல் அவர் நெஞ்சில் இருந்த நசியோனால், அர்ஜென்டினாவின் ரோசாரியோ சென்ட்ரல். பின்னர் ஈக்வடார், பராகுவே, எல் சால்வடார் என்று புதிய நாடுகள். 40 வயதில் எல் சால்வடாரின் சாந்தா டெக்லாவோடு லீக் பட்டமும் வென்றார். சிலியின் அவுடாக்ஸ் இத்தாலியானோவில் சேர்ந்தபோது அது அவருடைய 26-ஆவது கிளப். ஜெர்மன் கோல்கீப்பர் லூட்ஸ் ஃபானென்ஷ்டீல் வைத்திருந்த 25 கிளப் சாதனை அத்துடன் முறிந்தது. அதற்குப் பிறகும் ஐந்து கிளப்புகள் சேர்ந்தன.

மொண்டேவீடியோவின் சுட் அமெரிக்கா அவருடைய கடைசிக் கிளப். 44 வயதில் அங்கே விடைபெற்றார். பின்னர் பயிற்சியாளராகப் பொலிவியா, பெரு நாடுகளில் பணியாற்றிவிட்டு, கார்டியோலாவோடு ஆடி முதல் டிவிஷனை இழந்த அதே டொராடோசுக்குத் திரும்பிப்போய் அதன் பயிற்சியாளர் ஆனார்.