உவர்நீர் உழவரும் ஏட்டிலேறாப் பெயர்களும்

வரலாறு என்னும் சொல்லைக் கேட்ட அளவில், போர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் வாழும் நமக்கு டச்சு அரண்மனையும், யூதர் வீதியும், மிளகுப் பண்டகசாலைகளும் நினைவுக்கு வருதல் இயல்பே. இவற்றைப் பற்றி எழுதினோர் பலர். ஆயின், நமக்குத் தெற்கே செல்லானத்திலும் கும்பளங்கியிலும், படகேறி அக்கரை சேர்ந்தால் வைப்பினிலும், உப்புநீர் நிலத்திலே நெல் விளைத்த உழவர் பெருமக்களைப் பற்றி எழுதினோர் மிகச் சிலரே. இயற்கை வேளாண்மை என்று இற்றைநாளில் உலகம் பெருமையோடு பேசுகின்றதே, அதனை அப்பெயர் தோன்றுதற்குப் பல தலைமுறைகட்கு முன்னரே செய்துகாட்டியோர் இவர். இவர்தம் நினைவுகளை எழுதிவைத்தல் வேண்டும் என்பதே யான் ஈண்டுச் சொல்லக் கருதியது. அதற்கு முன்மாதிரியும் நம் ஊரிலேயே உண்டு.

1663-ஆம் ஆண்டில் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக் கம்பெனியின் சார்பில், சில ஆண்டுகட்குப்பின் மலபார் ஆளுநராக வந்தவர் ஹென்றிக் வான் ரீடு என்பார். இந்நாட்டு மரஞ்செடிகொடிகளின் பெயரையும் பயனையும் தொகுக்க அவர் விரும்பினார். நூலறிவை நம்பி அவர் அமர்ந்துவிடவில்லை. அறிந்தவரை அழைத்துக் கேட்டார். சேர்த்தலைக்கு அருகிலுள்ள கடக்கரப்பள்ளியினரான இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி மருத்துவர் மூவரும் தாம் வழிவழியாக அறிந்தவற்றைக் கூறினர். 1675-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இட்டி அச்சுதன் கொடுத்த சான்றுரை, வட்டெழுத்தின் வழிவந்த கோலெழுத்திலேயே அந்நூலில் இடம்பெற்றது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்’ என்னும் பெருநூல் அதுவே.

அச்சான்றுரை ஒன்று இல்லையாயின், இட்டி அச்சுதன் என்று ஒருவர் இருந்தார் என்பதே இன்று தெரிந்திராது. காடுமேடெல்லாம் திரிந்து அச்செடிகளைப் பறித்து வந்தோர் பெயரை இன்று சொல்வார் யார்? மற்றொன்றும் நினைக்கத் தக்கது. நூல் இலத்தீன் மொழியில் அமைந்தமையால், அறிவைக் கொடுத்த மக்களுக்கே அது 300 ஆண்டுகட்கு மேலாகப் பூட்டிய பெட்டியாயிற்று. கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. சு. மணிலால் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்கே செலவிட்டு மொழிபெயர்த்த பின்னரே, 2003-இல் ஆங்கிலத்திலும் 2008-இல் மலையாளத்திலும் கேரளப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக அது வெளிவந்தது.

நிற்க. பொக்காளி நெல்லுக்கு வருவோம். ‘பொக்கம்’ என்றால் மலையாளத்தில் உயரம். ஓர் ஆளின் மார்பளவு வளரக்கூடியது இப்பயிர். கடல் ஏறி இறங்கும் நிலத்தில், வேம்பநாட்டுக் காயலின் உப்பு நீரோடு உறவாடி வாழ்வது. ஏப்ரல் திங்களில் தூம்பைத் திறந்து, வேலி இறங்கும்போது நீரை வடித்து, நிலத்தைக் காயவைத்து, சேற்றை வாரிச் சிறுசிறு குவியல்களாகக் கூட்டுவர். (தூம்பு என்பது நம் பழந்தமிழ்க் கல்வெட்டுகளில் வரும் சொல்லேயாகும். ஏரிக்கரையில் நாம் மறந்துவிட்ட அச்சொல் இங்குக் காயற்கரையில் நாள்தோறும் வழங்குகின்றது.) ஜூன் திங்களில் பெய்யும் பெருமழை குவியலின் உப்பைக் கழுவி இறக்கும். தென்னோலைக் கூடையில் நனைத்து முளைகட்டிய விதையைக் குவியலின் மேல் விதைப்பர். ஏறத்தாழ ஒரு திங்கள் சென்றபின், நாற்றோடு கூடிய மண்ணைத் துண்டுதுண்டாக வெட்டி வயலெங்கும் பரப்புவர். நாற்றங்கால் வேறு, வயல் வேறு என்று பழகிய தஞ்சைத் தரணியார்க்கு இது வியப்பாகவே தோன்றும்.

அதன்பின் உரமிடுதல் இல்லை, பூச்சிமருந்தும் இல்லை. அக்டோபர் இறுதியில் இடுப்பளவு நீரில் நின்று கதிரை மட்டும் அறுப்பர். இவ்வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. தாள் நீரிலேயே கிடந்து அழுகும். நவம்பர் முதல் தூம்பு வழியே உட்புகும் இறால் குஞ்சுகட்கு அதுவே இரை. இறால் வளர்ந்து கழித்த கழிவு அடுத்த ஆண்டு நெல்லுக்கு எரு. நெல் மீனை வளர்க்க, மீன் நெல்லை வளர்க்க, இரவில் தூம்பின் மேல் விளக்கைத் தொங்கவிட்டு வலைகட்டி இறால் பிடிக்கும் காட்சியோடு ஆண்டுச் சக்கரம் முடிவுறும். எந்தக் கல்லூரியில் கற்று இம்முறையை வகுத்தனர்?

கற்றோர் இதனை அறியாமலில்லை. 1958-இல் வைற்றிலாவில் நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 2008-இல் பொக்காளிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பொக்காளியை வேறொரு நெல்லோடு கலந்து, உவரைத் தாங்கும் மரபுக்கூற்றினை இனங்கண்டனர். ‘சால்டால்’ என்பது அவர் இட்ட பெயர். அக்கூறு இன்று பல நாட்டு நெல்வகைகளுள் புகுந்துள்ளது. நெல்லின் பெயர் ஏட்டில் ஏறிற்று. ஆண்டுதோறும் நல்ல கதிரைத் தேர்ந்து அதனைக் காத்தளித்த கைகள் யாருடையவை என்பது ஏறவில்லை.

தமிழ்நாட்டில் இவ்வகைப் பணி ஓரளவு நடைபெற்றுள்ளமை நமக்கு ஊக்கந் தருவது. 1938-இல் தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் பிறந்த கோ. நம்மாழ்வார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்று, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்று, அங்குச் செய்யும் ஆய்வு ஏழை உழவனுக்குப் பயன்படவில்லை என்று மனம் ஒவ்வாது வெளியேறியவர். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை நாகப்பட்டினத்து வயல்களை உப்பாக்கியபோது, தக்கைப்பூண்டு முதலிய பசுந்தாள் விதைத்து மடக்கி உழுது அந்நிலத்தை மீட்கும் பணியில் முன்னின்றார். 2013-இல் அவர் மறையுமுன் தம் நினைவுகளை ‘உழவுக்கும் உண்டு வரலாறு’ என்னும் நூலாகத் தந்து சென்றமையால் நாம் பிழைத்தோம். அவர் வழிவந்த ‘நெல்’ ஜெயராமன், ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி, 2 கிலோ விதை பெற்றவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருக என்னும் எளிய முறையால், 2018-இல் மறைவதற்குள் ஏறத்தாழ 170 பழைய நெல்வகைகளை மீட்டெடுத்தார். களர்நிலத்துக்குரிய குழியடிச்சான் போன்ற நெற்பெயர்கள் ஏட்டிலிருந்து கிடைத்தவையல்ல. முதியோர் வாய்ச்சொல்லிலும் அவர் வீட்டுக் குதிரிலுமே அவை உயிரோடிருந்தன.

இங்கோ நிலை வேறு. பொக்காளி நிலங்களிற் பெரும்பகுதி தரிசாயின. நீரில் நின்று அறுக்க ஆள் கிடைப்பதரிது. சாதாரண அறுவடை இயந்திரம் அச்சேற்றில் இறங்காது. ஒரு போகம் நெல், ஒரு போகம் மீன் என்பதே அரசின் நெறி. எனினும் இறாலின் விலையைக் கண்டு ஆண்டு முழுதும் உப்புநீரைத் தேக்கிவைப்போர் உண்டு. இறால் கொழுத்த வருவாய் தருவது உண்மையே. உடைமையாளரை மட்டும் குறைகூறி யாது பயன்? ஆயினும், நெல் விதையாத வயலில் நெல்லறிவு தங்குவதில்லை. விதையை ஆராய்ச்சி நிலையம் குளிரறையில் காக்கும். குவியலின் உப்பு போதிய அளவு வடிந்தது என்பதை ஒரு முதியவள் எதனால் அறிந்தாள் என்பதைக் காக்கும் குளிரறை எங்குளது?

நம் சங்கத்து இளைஞர்க்குத் தமிழும் மலையாளமும் ஒருங்கே நாவிற் பழகியவை. ஒலிப்பதிவுக் கருவியோ ஒவ்வொருவர் கைபேசியிலும் உள்ளது. கேட்க வேண்டுவன பல. எந்தத் திதியில் தூம்பைத் திறந்தனர்? மழை பிந்திய ஆண்டில் முளைகட்டிய விதையை எத்தனை நாள் காத்தனர்? எக்கதிரை விதைக்கு விடுத்தனர்? கூலி நெல்லாகவா, பணமாகவா? அறுக்கையில் பாடிய பாட்டு எது? சொன்னவரின் பெயரையும் ஊரையும் அவர் இசைவோடு முதல் வரியிலேயே எழுதுதல் வேண்டும்; அவர் சொன்ன சொல்லைத் திருத்தாமல் எழுதுதல் வேண்டும்.

அக்டோபர் இறுதியில் கொய்த்து நடைபெறும். வைப்பினுக்குப் படகு நம் துறையிலிருந்தே புறப்படுகின்றது.