எலியின் பாதமும் எங்கள் தோள் தழும்பும்

பதுளை, பசறை, ஹப்புத்தளை என்று ஊவாத் தோட்டங்களில் பிறந்த எங்களில் பெரும்பாலோரின் இடது தோளில் ஒரு சின்னத் தழும்பு இருக்கும். பிறந்ததும் போடுகிற பிசிஜி ஊசி அது. காசநோய்க்கு என்றுதான் சொல்லுவாங்க. தொழுநோயையும் அது ஓரளவு தடுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. அந்த 'ஓரளவு' எவ்வளவு என்று அறிய நூறு வருசத்துக்கு மேல் ஆனது.

1873இல் நோர்வேயில் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். ஆனா அது ஆய்வுகூடக் கண்ணாடித் தட்டில் வளரவில்லை, இன்றைக்கும் வளராது. முயல்களுக்கும் தொற்றவில்லை. 1879இல் அவர் ஒரு நோயாளிப் பெண்ணிடம் கேட்காமலே, இன்னொரு நோயாளியின் நோய்ப்பொருளை அவர் கண்ணில் குத்தினார். வழக்கானது, 1880இல் மருத்துவமனைப் பதவி போனது. விலங்கு கிடைக்காத இடத்தில் ஏழை நோயாளி அகப்பட்டுக்கொண்டார்.

சரியான விலங்கு கிடைத்தது 1960இல்தான். அமெரிக்காவில் ஷெப்பர்ட் எலியின் பாதத்தில் கிருமியைச் செலுத்தினார். குளிர்ச்சியான இடம்தான் இந்தக் கிருமிக்குப் பிடிக்கும். ஒன்று இரண்டாகவே 12, 14 நாள் எடுக்கும்; மாதக்கணக்கில் காத்திருந்து எண்ணணும். பிசிஜி போட்ட எலிகளில் கிருமி குறைவாகவே பெருகியது. 1971இல், நம்ம ஊர் அழுங்கு மாதிரிக் கவசம் போர்த்த ஆர்மடில்லோவின் உடம்பில் கிருமி ஏராளமாகப் பெருகியது. அதிலிருந்து எடுத்துக் கொன்ற கிருமியை பிசிஜியோடு கலந்து புதுத் தடுப்பூசி செய்தார்கள்.

ஆனா மனுசர் எலி இல்லையே. வெனிசுவேலாவில் அந்தக் கலவை தனி பிசிஜியை விடக் குறிப்பாக மேலாக இருக்கவில்லை. 1991இல் சென்னைக்குப் பக்கத்தில் சுமார் 1,71,400 பேருடன் தொடங்கிய சோதனையின் முடிவு 1998இல் வந்தது: பிசிஜி மட்டும் 34 சதவீதப் பாதுகாப்பு, கலவை 64 சதவீதம்.

ஆக, தழும்பை மட்டும் நம்பி இருக்க முடியாது. 1995இல் இலங்கையில் நோயாளர் 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே வந்தார்கள். ஆனா புது நோயாளிகள் இன்னும் வருகிறார்கள். நெருங்கிப் பழகுபவர்களுக்கே இது அதிகம் தொற்றும். லயத்து அறையில் அஞ்சாறு பேர் ஒன்றாகப் படுக்கிறோம். அறிகுறி தெரிய சராசரி 5 வருசம், சிலருக்கு 20. தொட்டால் உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் இருந்தா மறைக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க. மருந்து இலவசம், 6 அல்லது 12 மாதத்தில் குணமாகும். 'குஷ்டம்' என்று ஒருத்தரைத் திட்டுற பழக்கத்தையும் விடணும். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் பலர் தேமலைச் சட்டைக்குள் மறைக்கிறார்கள்.