கட்டில் இலக்கமும் நோயாளியின் பெயரும்

2009ஆம் ஆண்டில், இறுதிப் போரிலிருந்து வெளியேறிய மக்கள் வவுனியாவை வந்தடைந்தபோது, நெளுக்குளம் கலைமகள் மகா வித்தியாலயமும் இடம்பெயர்ந்தோர் முகாமாயிற்று. வவுனியா வைத்தியசாலையோ காயமுற்றோரால் நிரம்பிவழிந்தது. இத்தகைய நெருக்கடியில் தாதியர் தம் பணியைக் கூறுபடுத்திக்கொள்வது எங்கும் இயல்பே. ஒருவர் காயத்துக்கு மருந்து கட்டுவார். ஒருவர் ஊசி ஏற்றுவார். இன்னொருவர் காய்ச்சலை அளந்து குறிப்பார். ஊரையும் உறவையும் இழந்து வந்தவர் அங்கே ஒரு கட்டில் இலக்கமாகிவிடுகிறார். நெருக்கடி தணிந்த காலத்திலும், போரே காணாத நாடுகளிலும் இம்முறை நிலைபெற்றிருப்பதேன்? இவ்வினாவுக்கு இலண்டனில் ஒரு விடை கிடைத்தது.

1950களின் பிற்பகுதியில் அந்நகரத்துப் பொது வைத்தியசாலையொன்று ரவிஸ்ரொக் நிறுவனத்தின் துணையை நாடியது. அங்கே பயிற்சித் தாதியரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் பயிற்சியை நிறைவுசெய்யாமலே விலகினர். உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சிஸ் அதனை ஆராய்ந்து 1960இல் தம் முடிபுகளை வெளியிட்டார். நோயும் சாவும் தரும் அச்சத்தினின்று தாதியரைக் காக்கும் அரணாகவே வேலைப்பிரிப்பு இயங்கியது என்றார் அவர். எந்த நோயாளியோடும் நெடுநேரம் நிற்கவேண்டியதில்லை. நோயுற்ற உறுப்பையோ கட்டில் இலக்கத்தையோ சொன்னாற் போதும். ஆயினும் அச்சம் தணியவில்லை. பணியின் நிறைவுதான் பறிபோயிற்று. இதனினும் கூர்மையான நோயறிதல் அரிது. எனினும் அவ்வைத்தியசாலையின் அடிப்படை அமைப்பு பெரிதும் மாறவில்லை.

வெளியார் கண்டு சொல்வது வேறு. வேலைசெய்வோர் தாமே கண்டு திருத்துவது வேறு. திட்டமிடல், செயற்படல், விளைவை அறிதல், மீண்டும் திட்டமிடல் என்னும் சுழலைக் கேர்ட் லெவின் 1946இலேயே செயல்நிலை ஆய்வு என விளக்கியிருந்தார். 1970களில் கேம்பிரிட்ஜை அடுத்த புல்போர்ன் உளநோய் வைத்தியசாலையில் அது நடைமுறைக்கு வந்தது. விடுதி ஊழியரே குறையைத் தெரிந்தெடுத்தனர், ஆய்வாளர் துணைநின்றனர். அம்முயற்சியை டேவிட் ரவலும் கிளைவ் ஹரிசும் 1979இல் நூலாக்கினர்.

வன்னியில் இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு விடுதியிற் சில கட்டில்களை ஒரு தாதியின் முழுப்பொறுப்பில் ஒரு மாதம் விட்டு, நேர்ந்ததை நாள்தோறும் குறித்து, மாதமுடிவில் அனைவருங்கூடிப் பேசலாம். தாதியர் தொகை குறைந்தவிடத்து இது இயலுமா என்பதை முதலிற் சொல்லவேண்டியவர் இரவுக்கடமையில் நிற்கும் தாதியே.