கோடிக்கரையின் வேட்டுவர்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கலக்கும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழனின் பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஆங்கிருந்த ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள் இருந்தமையையும் மருத்துவர்க்கு அளந்த ஊதியத்தையும் அது குறிக்கிறது. மூலிகை கொணர்ந்து, விறகிட்டு, மருந்து காய்ச்சிய இருவரையும் அது மறந்துவிடவில்லை. எளிய பணியாளர்க்கு வரலாற்றில் இத்தகைய இடம் வாய்ப்பது அரிது. தெற்கே, சோழநாட்டின் கடல்முனையில் வாழ்ந்த காட்டு மாந்தர்க்கு வாய்த்ததோ வேறு.

அம்முனையே கோடிக்கரை. நேர்தெற்காக வரும் வங்கக் கரை இங்கே சட்டென்று மேற்கே திரும்பிப் பாக்கு நீரிணையைத் தழுவுகிறது. வெளியே மணற்கரை, உள்ளே, பாலை மரங்கள் மிகுந்த உலர் பசுமைமாறாக் காடு. மலைநாட்டின் மழைக்காட்டைப் போன்றதன்று இது. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருந்தும் கோடையில் பசுமை குன்றாது நிற்பது.

சுந்தரர் இங்கு வந்து குழகரைப் பாடினார். கடற்காற்று கடிதாய் மோதும் கரையில் இறைவன் தனித்திருப்பதைக் கண்டு அவர் மனம் வெதும்புகிறது. அயலே குடிகள் இருந்தால் குற்றமாகுமோ என்று கேட்கிறார். அதே பதிகத்தில், பெரிய காட்டையும், மரப்பொந்துகளில் குழறும் ஆந்தைகளையும், வேட்டுவரையும் குறிப்பிடுகிறார். வேட்டுவரைத் தீயோர், வஞ்சகர் என்கிறார். இறைவன்பால் கொண்ட பரிவு பேசும் பேச்சு அது; அதன்மேல் நாம் வழக்காட வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கிறோம். மனிதர் அங்கே இருந்தனர். அவர்கள் மட்டும் ‘குடி’ என்ற கணக்கில் சேரவில்லை. பழிச்சொல்லே அவர்கள் வாழ்ந்தமைக்குச் சான்றாக நிற்கிறது.

கடல்கடந்தும் இக்கதை உண்டு. ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் கிழக்கு எல்லையான முனைக்கு, 1770-இல் கப்பலில் கடந்து சென்ற குக், பைரன் என்னும் மாலுமியின் பெயரைச் சூட்டினார். கரையில் அரக்வால் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருந்தனர். 2001-இல் அரசு அவர்களோடு நில உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் பயனாக அமைந்த தேசியப் பூங்கா அவர்கள் பெயரையே தாங்குகிறது.

கோடிக்கரைக் காடு 1967-இல் சரணாலயமாயிற்று. வெளிமானுக்குக் காவல் கிடைத்தது. 2002-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்டுவந்த பழைய கலங்கரை விளக்கத்தை 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை வீழ்த்தியது. பதிகத்து வேட்டுவர்க்கோ தொழிற்பெயர் உண்டு, குடிப்பெயர் இல்லை.