மகளின் பங்கும் சட்டத்தின் வழியும்

எண்ணிக்கை நூலின் 27ஆம் அதிகாரத்தில் ஒரு வழக்குப் பதிவாகியுள்ளது. செலொபுகாது என்பவர் ஆண்மக்கள் இன்றி இறந்துவிடுகிறார். அவருடைய புதல்வியர் ஐவரும் சந்திப்புக் கூடாரத்தின் வாயிலுக்கு வந்து, மோசேயும் குருவும் தலைவர்களும் மக்களும் கூடியிருக்க, தந்தையின் உரிமைச் சொத்தைத் தங்களுக்குத் தருமாறு கேட்கின்றனர். மோசே தாமாக முடிவு சொல்லவில்லை. வழக்கை ஆண்டவர் திருமுன் கொண்டு செல்கிறார். புதல்வியர் கேட்பது நியாயமே என்று தீர்ப்பாகிறது. அத்துடன், ஆண்மக்கள் இல்லாதவருடைய சொத்து மகளைச் சேரும் என்பது இஸ்ரயேல் மக்கள் அனைவருக்கும் நியமமாகிறது.

சட்டம் இயங்கும் முறை முழுவதும் இந்நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. குறையுடையோர் வந்து கேட்க வேண்டும். கீழே தீராதது மேலே செல்ல வேண்டும். ஒருவர் வழக்கில் பிறந்த தீர்ப்பு, பின்வருவோர் அனைவருக்கும் விதியாக வேண்டும். புனித தோமா அக்குவினா சட்டத்திற்கு நான்கு இலக்கணங்கள் வகுத்தார். அது அறிவின் ஒழுங்காக இருக்க வேண்டும். பொது நன்மையை நாட வேண்டும். சமுதாயத்தின் பொறுப்பை ஏற்றவரால் இயற்றப்பட வேண்டும். மக்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும். இந்த நான்காம் இலக்கணத்தை நாம் எளிதாகக் கடந்து போகிறோம். அதன் அருமையை, கிறிஸ்தவப் பெண்களின் சொத்துரிமை வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

திருவிதாங்கூர் சமஸ்தானம் 1916இல், கொல்லம் ஆண்டு 1092இல், கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், மகனுடைய பங்கில் நான்கில் ஒரு பகுதி அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே மகளுக்கு உரியது என்று அச்சட்டம் கூறியது. சீதனம் கொடுக்கப்பட்டிருந்தாலோ, கொடுப்பதாக வாக்களிக்கப்பட்டிருந்தாலோ அதுவும் இல்லை. கைம்பெண்ணுக்குக் கிடைத்த உரிமையும் அவர் இறக்கும்வரை, அல்லது மறுமணம் செய்யும்வரைதான். எனினும் அதே சட்டம் ஒரு விதிவிலக்கையும் ஏற்றது. மகனும் மகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கமுடைய இலத்தீன் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கருள் சில பிரிவினருக்கும், சீர்திருத்தச் சபையினர் சிலருக்கும் இந்த விதிகள் பொருந்தா என்றது. ஆகவே, சமபங்கு என்பது எங்கிருந்தோ வந்த புதுமையன்று. நம் மக்களுள் ஒரு பகுதியினர் அதை வழக்கமாகவே கொண்டிருந்தனர்.

விடுதலைக்குப்பின் நிலைமை மாறியது. திருவிதாங்கூரும் கொச்சியும் 1949இல் இணைந்தன. 1951 ஏப்ரல் 1 முதல், நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தின் வழியாக, இந்தியாவின் பொதுச் சட்டங்கள் பல அப்பகுதிக்கு நீட்டிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன்படி, உயிலின்றி இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கும், எஞ்சிய இரு பங்கு பிள்ளைகளுக்கும் சேரும். பிள்ளைகளுக்குள் மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. ஆயினும் பழைய சட்டம் ஒழிந்ததா, நிலைத்ததா என்பது தெளிவாக உரைக்கப்படவில்லை. குடும்பங்கள் பழைய முறையையே பின்பற்றின.

இது கேரளத்தின் கதை மட்டுமன்று. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துடன் இணைந்தன. பழைய திருவிதாங்கூர்ச் சட்டத்தைப் பற்றிய ஐயமும் உடன் வந்தது. 1970களில் அது சென்னை உயர் நீதிமன்றத்தை எட்டியது. பழைய சட்டம் ஒழிந்தது என்று தனி நீதிபதி ஒருவர் முடிவு செய்தார். பின்னர் இரு நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அது நிலைத்திருக்கிறது என்றது. அமர்வின் முடிவு தனி நீதிபதியின் முடிவைவிட வலிமையுடையது. எனவே மகளின் பங்கு மீண்டும் சுருங்கியது.

இந்நிலையில்தான் கோட்டயத்தில் பள்ளி நடத்திவந்த மேரி ராய் என்னும் சிரியன் கிறிஸ்தவப் பெண்மணி, 1983இல் நேரே உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அடிப்படை உரிமை பாதிக்கப்பட்டவர் அவ்வாறு நேரடியாகச் செல்ல அரசியல் சாசனத்தின் 32ஆம் உறுப்பு வழிசெய்கிறது. 1986 பெப்ருவரி 24 அன்று, தலைமை நீதிபதி பகவதியும் நீதிபதி பாதக்கும் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. 1951 ஏப்ரல் 1 முதலே திருவிதாங்கூர்ச் சட்டம் ஒழிந்துவிட்டது. இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும் என்பதே தீர்ப்பு. பழைய சட்டம் சமத்துவ உரிமைக்கு முரணானதா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் புகவில்லை. சட்டமே உயிரோடு இல்லாதபோது அதன் குற்றத்தை ஆராயத் தேவையில்லை அல்லவா? உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது 141ஆம் உறுப்பு. ஆகவே குமரி மாவட்டத்து மகளுக்கும் அன்றே விடை கிடைத்தது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திப்போம். 1951 முதல் 1986 வரை, முப்பத்தைந்து ஆண்டுகள், மகளுக்குச் சமபங்கு தரும் சட்டம் நடைமுறையில் இருந்தது. அச்சடித்த ஏட்டில் இருந்த உரிமை இல்லத்து முற்றத்திற்கு வந்து சேரவில்லை. தீர்ப்பு வந்தபோதும் நம்மிடையே மகிழ்ச்சியைவிடக் கலக்கமே மிகுந்திருந்தது. முன்பே பங்கிட்ட சொத்துகள் குலைந்துபோகும், உடன்பிறப்புகளிடையே பகை மூளும் என்ற எதிர்ப்பு, கேரளத் திருச்சபைகளின் வட்டாரங்களிலிருந்தும் எழுந்தது. அந்த அச்சத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் சகோதரி வாய்திறவாதிருப்பதால் நிலைக்கும் அமைதி, கிறிஸ்து தந்த அமைதி ஆகுமா?

மேரி ராய் 2022 செப்டம்பர் 1 அன்று இறந்தார். அவர் பெற்றுத் தந்த உரிமைக்கு ஓர் எல்லை உண்டு: உயில் இல்லாதபோது மட்டுமே அது செல்லும். தாம் ஈட்டிய சொத்து முழுவதையும் விரும்பியவருக்கு உயில் எழுதிவைக்கக் கிறிஸ்தவருக்குச் சட்டம் இடமளிக்கிறது. ஒரே கையெழுத்தில் மகளை விலக்கிவிட இயலும். திருமணத்தன்று போட்ட நகையைக் காட்டி, “உன் பங்கு முடிந்தது” என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் ஒப்பம் வாங்கவும் இயலும். சட்டம் வாசல்வரை வந்து நிற்கிறது. கதவைத் திறக்க வேண்டியது மனச்சான்று.

திருமண ஓலை வாசிக்கும் குருக்களாகிய நமக்கும், பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் இறைமக்களுக்கும் இதில் பொறுப்புண்டு. பங்குப் பேரவையிலும் அன்பியத்திலும் மகளிர் கூட்டங்களிலும் இச்சட்டத்தை எடுத்துச் சொல்வோம். அறிவிக்கப்படுதல் சட்டத்தின் இலக்கணம் என்றார் புனித தோமா. அறிவிப்பது நம் கடமை. செலொபுகாதின் புதல்வியர் கூடார வாயிலில் நின்று கேட்க வேண்டியிருந்தது. நம் புதல்வியர் கேட்பதற்கு முன்பே கொடுப்பது நீதி.