காட்டு வழியின் கைக்கோடரி: ரொமஹோக் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் ஆக்கிய கருவிகளுட் சில, ஓர் இனத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டு, நாளடைவில் அவ்வினத்தை மதிப்பிடும் அளவுகோலாகவே மாறிவிடுவதுண்டு. வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் வழங்கிய ரொமஹோக் என்னும் சிறு கைக்கோடரி அத்தகைய கருவிகளுள் ஒன்றாகும். செவ்விந்தியர் எனத் தமிழ் நூல்களில் நெடுங்காலம் குறிக்கப்பட்டு வந்த அமெரிக்கச் சுதேச மக்களை எண்ணும்போது, இறகு சூடிய தலையும், எறிவதற்கு ஓங்கிய கோடரியுமே பலரது மனக்கண்முன் தோன்றுகின்றன. நாவல்களும் திரைப்படங்களும் வரைந்து தந்த சித்திரம் இது. ஆயின், இக்கருவியை ஆக்கியவர் யார், தெரிந்தெடுத்தவர் யார், எத்தேவை கருதித் தெரிந்தெடுத்தனர் என்னும் வினாக்களை எழுப்புவோமாயின் அச்சித்திரம் நிலைகுலைவதைக் காணலாம். அவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரொமஹோக் என்னும் பெயர் வேர்ஜீனியாக் கரையோரத்தில் வாழ்ந்த பவ்ஹற்றன் மக்களின் மொழியிலிருந்து பெறப்பட்டது. அம்மொழி அல்கொங்கியன் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1607 இல் ஜேம்ஸ்ரவுணில் ஆங்கிலேயர் குடியேறிய சில ஆண்டுகளுக்குள்ளேயே இச்சொல் அவர்களது குறிப்புகளில் இடம்பெறத் தொடங்கியது. 1612 இல் வெளியான ஜோன் சிமித்தின் வேர்ஜீனியா பற்றிய நூலிலுள்ள சொற்பட்டியலில் இது கோடரி என்னும் பொருளிலேயே தரப்பட்டுள்ளது. போர், கொலை என்பன பற்றிய குறிப்பு எதுவும் அங்கில்லை. வெட்டுதற்குரிய கருவி என்பதே சொல்லின் அடிப்பொருளாகும். வெறுங் கருவிப்பெயராக இருந்த ஒன்று அச்சந்தரும் பெயராக மாறியது பிற்கால வரலாற்றின் விளைவேயாம்.

ஐரோப்பியர் வருவதற்கு முன்னர் இம்மக்கள் தீட்டி மெருகேற்றிய கற்கோடரிகளையும், முனையில் உருண்டை வடிவம் கொண்ட மரத்தடிகளையும் பயன்படுத்தினர். பேரேரிப் பகுதிகளில் இயற்கையாகக் கிடைத்த செம்பைத் தட்டிக் கருவிகள் செய்யும் முறையும் மிகப் பழங்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. எனவே, உலோகத்தையே அறியாத மக்கள் என அவர்களைக் கூறுவது பொருந்தாது. இரும்பை உருக்கும் தொழில்நுட்பம் அவர்களிடம் இருக்கவில்லை என்பதே உண்மை. ஒரு மரத்தை வீழ்த்த அடியில் நெருப்பு மூட்டிக் கருக்கி, கருகிய பகுதியைக் கற்கோடரியாற் கொத்தி அகற்றிய மக்களுக்கு, இரும்புக் கோடரி எத்துணை உழைப்பை மிச்சப்படுத்தியிருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

இவ்விரும்புக் கோடரி உரோமத் தோல் வர்த்தகத்தின் வழியே காடுகளுட் புகுந்தது. பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் தோலுக்கு ஐரோப்பியத் தொப்பிக் கைத்தொழிலில் பெருங்கிராக்கி இருந்தது. பிரெஞ்சுக்காரர் சென் லோறன்ஸ் ஆற்று வழியாகவும், ஒல்லாந்தர் ஹட்சன் ஆற்று வழியாகவும், 1670 இல் அரச பட்டயம் பெற்ற ஹட்சன் விரிகுடாக் கம்பனியார் வடக்கிலிருந்தும் இவ்வர்த்தகத்தில் ஈடுபட்டனர். அக்கம்பனி பீவர்த் தோலையே கணக்கின் அலகாகக் கொண்டு, துப்பாக்கி, கம்பளி, பாத்திரம், கோடரி ஆகிய யாவற்றுக்கும் தோல் எண்ணிக்கையில் விலை நிர்ணயித்தது. கோடரியைப் பெறுவதற்காக வேட்டை பெருகிற்று. வேட்டை பெருகப் பீவர் அருகிற்று. பீவர் அருக, பிறர் நிலத்தில் வேட்டையாட வேண்டிய நிலை உருவாயிற்று. 17 ஆம் நூற்றாண்டில் ஈரோகுவா மக்களுக்கும் ஹியூரன் மக்களுக்கும் இடையில் மூண்ட கடும் போர்களுக்கு இவ்வர்த்தகப் போட்டி ஒரு முக்கிய காரணமாக அமைந்தது. இப்போர்களை இயல்பான இரத்தவெறியின் வெளிப்பாடாகக் காட்டுவோர், அவற்றின் பின்னணியில் இயங்கிய சந்தையை மறந்துவிடுகின்றனர்.

எனினும், சுதேச மக்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டோராக மட்டும் இருந்தனர் எனக் கொள்வது தவறாகும். அவர்கள் தேர்ந்து வாங்குவோராகவே விளங்கினர். அக்காலக் கோடரி ஆக்கப்பட்ட முறையை நோக்கின் இது தெளிவாகும். கொல்லன் இரும்புப் பட்டையொன்றைக் காய்ச்சி நடுவில் மடித்துப் பிடிக்கான துளையை உருவாக்குவான். பின்னர் இரு முனைகளையும் ஒன்றாக இணைத்து அலகாக அடிப்பான். நல்ல கோடரியாயின் இரும்பு மடிப்பினிடையே உருக்குத் துண்டொன்று வைத்து இணைக்கப்பட்டிருக்கும். மெல்லிரும்பு உடையாது தாங்கும். உருக்கு வாய் கூர்மையைக் காக்கும். உருக்கு வைக்காத மலிவான கோடரியின் வாய் விரைவில் மழுங்கிவிடும்; இணைப்புச் சரிவர அமையாவிடில் துளையருகே பிளந்துவிடும். ஆதலால், வாயையும் துளையையும் சோதித்தறிவது வாங்குவோனுக்கு இன்றியமையாத அறிவாக இருந்தது.

பருமனைப் பொறுத்தவரையிற் காட்டுவாழ்வே தீர்ப்பு வழங்கியது. பெருமரங்களை வீழ்த்திக் கழனியாக்க முனைந்த குடியேற்றக்காரனுக்கு மூன்று இறாத்தலுக்கு மேற்பட்ட தலையையுடைய பெருங்கோடரி தேவைப்பட்டது. நாள்தோறும் நடந்தும், தோணியைச் சுமந்தும் செல்பவனுக்கோ அத்தகைய சுமை ஒவ்வாது. அவனுக்கு வேண்டியது இடைக்கச்சையிற் செருகக்கூடிய கருவி: விறகு பிளத்தல், கூடாரத்துக்குக் கம்பு வெட்டுதல், வேட்டைப் பிராணியைத் துண்டாக்குதல், வழியடையாளமாக மரப்பட்டையைச் செதுக்குதல், இடர் வந்துழித் தற்காத்தல் ஆகிய யாவற்றுக்கும் ஒரு கை போதுமானதாக இருத்தல் வேண்டும். பல கைக்கோடரிகளின் துளை மேற்புறம் சற்று அகன்று கீழ்நோக்கி ஒடுங்கியிருந்தது. பிடியை மேலிருந்து செலுத்தினால், வீசும்போது தலை கழன்று போகாது மேலும் இறுகும். பிடி முறிந்தாலும் ஆப்போ ஆணியோ தேடவேண்டியதில்லை. அருகிலுள்ள மரத்திற் கிளையொன்றை வெட்டிச் சீவிப் புதிய பிடி இடலாம். கொல்லன் பட்டடைக்கு நெடுந்தூரத்தில் வாழ்பவனுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

வாங்குவோரின் விருப்பம் எத்துணை வலிமை வாய்ந்தது என்பதற்கு லூயிஸ், கிளார்க் ஆகியோரது பயணக்குழுவின் அனுபவம் தக்க சான்றாகும். 1804–1805 பனிக்காலத்தில் மிசூரி ஆற்றங்கரையில் மண்டான் மக்களின் ஊர்களருகே அக்குழுவினர் தங்கியிருந்தனர். உணவு குறைந்தபோது, ஜோன் சீல்ட்ஸ் முதலிய கொல்லர்கள் அம்மக்கள் விரும்பிய வடிவிற் போர்க்கோடரிகளை அடித்துக் கொடுத்துச் சோளம் பெற்றனர். 1805 பெப்ரவரியில் லூயிஸ் தமது நாட்குறிப்பில் அக்கோடரியை நுணுக்கமாக விவரித்துள்ளார். அலகு மிக மெல்லியது. நீளம் 7 முதல் 9 அங்குலம். துளை ஏறக்குறைய ஓர் அங்குல விட்டமுடையது. பிடி 14 அங்குலத்தை மிஞ்சுவது அரிது. மொத்த நிறையோ ஏறத்தாழ ஓர் இறாத்தல். அவ்வடிவம் வசதியற்றது என்பது லூயிசின் கருத்து. ஆயினும் கொல்லர்கள் அவ்வடிவத்தையே அடித்தனர். சோளம் வைத்திருந்தவர்கள் அதனையே கேட்டனர் என்பதே காரணம். 1806 மே மாதத்தில் அக்குழுவினர் றொக்கி மலைகளுக்கு மேற்கே நெஸ் பேர்ஸ் மக்களிடையே சென்றபோது, மண்டான் ஊரருகே தாம் செய்த கோடரியொன்று தமக்கு முன்னரே அங்கு வந்து சேர்ந்திருக்கக் கண்டனர். சுதேச வர்த்தக வழிகளின் விரைவையும் விரிவையும் உணர்த்த இந்நிகழ்ச்சி ஒன்றே போதும்.

இனி, எறிதல் பற்றி நோக்குவோம். ரொமஹோக் எறியப்பட்டது உண்மையே. ஆயின், கையிலுள்ள ஆயுதத்தை எறிந்துவிட்டு வெறுங்கையனாக நிற்பதை எந்தப் போர்வீரனும் எளிதில் விரும்பான். பெரும்பாலும் அது கையிற் பற்றியே பயன்படுத்தப்பட்டது. எறிதல் பயிற்சியாகவும் விளையாட்டாகவும் நிலவியது. மேற்குப் பென்சில்வேனியா, வேர்ஜீனியா எல்லைப்புறங்களில் இளமையைக் கழித்த ஜோசப் டொட்ரிட்ஜ் 1824 இல் வெளியிட்ட நூலில், வெள்ளையச் சிறுவர்களும் இதனைப் பயின்றமையைக் கூறுகிறார். குறித்த நீளமுள்ள பிடியையுடைய கோடரி குறித்த தூரத்திற் குறித்த எண்ணிக்கையிலேயே சுழலும். ஐந்து அடிவைப்புத் தூரத்தில் எறிந்தால் பிடி கீழ்நோக்க வாய் மரத்திற் பதியும்; ஏழரை அடிவைப்பிற் பிடி மேல்நோக்க வாய் பதியும் என்பது அவர் தரும் விளக்கம். பிடி குறுகினாற் சுழற்சி விரைவாகும். விரைவாகவே தூரத்தைக் கணிப்பதில் நேரும் சிறு பிழையும் இலக்கைத் தவறச் செய்யும். எடுத்துச் செல்ல எளிதான குறும்பிடி, எறிவதற்கு அரிதாகிறது. நெடும்பிடி எறிவதற்கு இசைந்தது. எனினும் புதர் வழியே செல்வோனுக்கு இடையூறானது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவைத் தெரிந்தெடுப்பதிலேயே பயன்படுத்துவோனின் அனுபவம் வெளிப்பட்டது.

டொட்ரிட்ஜின் நூல் இன்னொரு செய்தியையும் தருகின்றது. எல்லைப்புறக் குடியேற்றக்காரர் ஊற்றொன்றின் அருகே சில மரங்களின் பட்டையைச் சுற்றி வெட்டிப் பட்டுப்போகச் செய்வர். வேறு சில மரங்களிலே தம் பெயரின் முதலெழுத்துகளைச் செதுக்குவர். இவ்வாறு செய்தவனுக்கு அந்நிலத்தில் உரித்துண்டு எனக் கொள்ளும் வழக்கம் நிலவியது. இது ரொமஹோக் உரிமை என்றே அழைக்கப்பட்டது. சட்டத்தில் இதற்கு ஆதாரம் இல்லாதபோதும், இவ்வுரிமைகள் விற்கவும் வாங்கவும் பட்டன. சுதேச மொழியிற் பெயர் பெற்ற கருவி, சுதேச மக்களின் நிலத்தைக் கவர்வதற்கான எழுதுகோலாகவும் பயன்பட்டது என்பது மனங்கொளத்தக்கது. அக்கருவியைச் சுதேசிகளுக்கு மட்டும் உரியதாகக் காட்டுவதும் பொருந்தாது. 1775 யூலை 18 இல் அமெரிக்கக் கண்டமாநாடு குடிப்படையினருக்கு விதந்துரைத்த தளபாடங்களில், வெட்டுவாள் அல்லது ரொமஹோக் என்பதும் ஒன்றாகும். மறு ஆண்டு வெளியான சுதந்திரப் பிரகடனமோ சுதேச மக்களை ஈவிரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என வருணித்தது. கருவி ஒன்றே; ஒருவர் கையில் அது நாகரிகத்தின் காவலாயிற்று, மற்றவர் கையிற் காட்டுமிராண்டித்தனத்தின் சின்னமாயிற்று.

18 ஆம் நூற்றாண்டில் இக்கோடரி புதியதொரு வடிவத்தையும் பெற்றது. அலகின் எதிர்ப்புறத்திற் புகையிலைக் கிண்ணமும், உள்ளே துளையிட்ட பிடியும் கொண்ட புகைக்குழாய்க் கோடரியே அது. சுதேச மக்களிடையே புகைபிடித்தல் உடன்படிக்கையைப் புனிதமாக்கும் சடங்காகும். போருக்கும் சமாதானத்துக்கும் உரிய இரு சின்னங்கள் ஒரே பொருளில் இணைந்தமையால், அது இராசதந்திரப் பரிசாகப் பெருவழக்கடைந்தது. வெள்ளி பதித்தும் பித்தளையில் வார்த்தும் செய்யப்பட்ட இத்தகைய கோடரிகள் விறகு பிளப்பதற்கன்றி, மதிப்பைப் புலப்படுத்துவதற்கே தெரிந்தெடுக்கப்பட்டன.

அவற்றுள் ஒன்றின் வரலாறு இங்கு விரித்துக் கூறத்தக்கது. 1779 இல் தளபதி ஜோர்ஜ் வாஷிங்டனின் கட்டளைப்படி சலிவனின் படை ஈரோகுவா மக்களின் ஊர்களையும் சோளக் கொல்லைகளையும் எரித்தழித்தது. 1792 இல் அதே வாஷிங்டன், சனாதிபதியாக இருந்து, செனெக்காத் தலைவர் கோர்ன்பிளாண்டருக்குப் புகைக்குழாய்க் கோடரியொன்றைப் பரிசளித்தார். அலகின் ஒரு புறத்தில் தலைவரின் சுதேசப் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. ஈலி பார்க்கர் என்னும் செனெக்கா அறிஞர் பின்னர் அதனைப் பெற்று, இழந்துபோன பிடிக்குப் பதிலாகப் புதிய பிடி இடுவித்து, 1850 ஆம் ஆண்டளவில் நியூயோர்க் மாநிலத்தின் காட்சிச் சேகரிப்புக்கு வழங்கினார். 1947 க்கும் 1950 க்கும் இடையில் அது அங்கிருந்து களவாடப்பட்டது. 2018 இல் மாநில நூதனசாலைக்கு மீண்டு வந்தது. 2021 இல் செனெக்கா மக்களிடமே ஒப்படைக்கப்பட்டது. இதற்கிடையில், 1794 இன் கனன்டெய்குவா உடன்படிக்கை உறுதிசெய்த செனெக்கா நிலத்தில் ஏறக்குறைய 10,000 ஏக்கர், 1965 இல் நிறைவுற்ற கின்சுவா அணையின் நீரில் மூழ்கியது. கோர்ன்பிளாண்டருக்கு வழங்கப்பட்டிருந்த நிலமும் அதிலடங்கும். பரிசு மீண்டது, அப்பரிசு எந்த நட்புக்கு அடையாளமாயிற்றோ அந்நட்பு காத்திருக்க வேண்டிய நிலம் மீளவில்லை.

இத்தகைய இன்னொரு கோடரி பொன்கா மக்களின் தலைவர் ஸ்ராண்டிங் பெயாருக்குரியது. தம் மகனைச் சொந்த மண்ணில் அடக்கஞ்செய்யச் சென்றமைக்காகக் கைதான அவர், 1879 இல் நீதிமன்றத்தை நாடினார். சுதேசியும் சட்டத்தின்முன் மனிதனே என நீதிபதி டன்டி தீர்ப்பளித்தார். நன்றிக் காணிக்கையாகத் தமக்காக வாதாடிய சட்டத்தரணியொருவருக்கு அவர் அக்கோடரியை வழங்கினார். பல கைமாறி ஹாவார்ட் பல்கலைக்கழக நூதனசாலையை அடைந்த அது, 2022 இல் பொன்கா மக்களிடம் மீண்டது.

மக்கள் ஒடுக்கப்பட்ட பின்னரும் கருவியின் பெயர் மட்டும் பிறரால் விரும்பி எடுத்தாளப்பட்டது. 1826 இல் வெளிவந்த பெனிமோர் கூப்பரின் மொஹிக்கன் பற்றிய நாவலும், 1883 இல் தொடங்கிய பஃபலோ பில்லின் காட்சிகளும், பின்னர் ஹொலிவூட் திரைப்படங்களும் எறியும் கோடரியைப் பிரபலமாக்கின. வியட்நாம் போர்க்காலத்தில் பீற்றர் லகானா என்பவர் அமெரிக்கப் படையினருக்கென இதனை மீண்டும் ஆக்கி விற்றார். 1983 இற் சேவைக்கு வந்து 1991 வளைகுடாப் போரில் முதன்முதலாக ஏவப்பட்ட ஏவுகணைக்கும் இப்பெயரே சூட்டப்பட்டது. இன்று காட்டுநடைக்கும் எறிதல் விளையாட்டுக்கும் சிறு ரொமஹோக்கைத் தெரிந்தெடுப்போர், நிறை, பிடியின் நீளம், துளையின் ஒடுக்கம், வாயின் உறுதி என்பவற்றையே நோக்குகின்றனர். இவையனைத்தும் மண்டான் ஊரிலும் ஈரோகுவாக் காட்டிலும் ஏற்கெனவே சோதித்துத் தேறப்பட்டவையாம்.

தொகுத்து நோக்குமிடத்து, ரொமஹோக் எந்தவோர் இனத்தின் இயல்பையும் உரைப்பதன்று என்பது புலனாகும். அதன் பெயர் சுதேசத்தது, இரும்பு ஐரோப்பாவினது, வடிவம் இருவரது பேரத்திற் பிறந்தது, பயன் காட்டில் நடந்த யாவர்க்கும் பொதுவானது. அதற்குக் கொடுமையின் சாயலைப் பூசியவர்கள், அதே கருவியைக் கையிலேந்தி நிலங்கொண்டவர்களே. ஒரு மக்களின் பண்பாட்டை அவர்கள் ஏந்திய ஆயுதத்தைக்கொண்டு அளவிடுமுன், அவ்வாயுதம் எச்சந்தையில் விலைபோனது, அதனைப் பற்றி எழுதியவர் யார் என்பவற்றை வரலாற்று மாணவர் வினவுதல் வேண்டும். செனெக்கா மக்களும் பொன்கா மக்களும் தம் முன்னோரின் கோடரிகளை மீளக் கேட்டுப் பெற்றபோது, அவற்றின் கதையைத் தாமே சொல்லும் உரிமையையும் உடன்கேட்டனர் என்றே கொள்ளுதல் தகும்.