போல்டூ முனையும் மூன்று புள்ளிகளும்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வால் பிரதேசத்தைச் சேர்ந்த லிஸார்டு தீபகற்பத்தில், போல்டூ என்றொரு கடல்முனை உண்டு. அது மேற்கே சமுத்திரத்தை நோக்கி நிற்பது என்ற காரணத்துக்காக, 1900 அக்டோபரில், இருபத்தாறே வயதான குக்லீல்மோ மார்க்கோனி என்ற இத்தாலிய இளைஞரின் கம்பெனியார் அந்த முனையில் கட்டிடம் எழுப்பத் தொடங்கினார்கள். கம்பியில்லாத் தந்தி கப்பலுக்கும் கரைக்கும் இடையே சில பத்து மைல் தூரம் செல்வதே விந்தையாகக் கருதப்பட்ட காலம் அது. மின்காந்த அலைகளும் ஒளியைப் போல நேர்கோட்டில் செல்பவையே என்றும், பூமியின் வளைவு காரணமாக இரு கண்டங்களுக்கும் நடுவே நூறு மைலுக்கு மேல் உயர்ந்து நிற்கும் நீர்மலையை அவை ஒருக்காலும் தாண்டமாட்டா என்றும் பௌதிக சாஸ்திரிகள் பலர் உறுதியாகக் கூறிவந்தார்கள்.

மார்க்கோனி அவர்களோடு வாதாடவில்லை. பெரிய யந்திரமாகக் கட்டினால் தூரமும் பெரிதாகும் என்ற நம்பிக்கை ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் ஜான் ஆம்ப்ரோஸ் பிளெமிங், அதுவரை பரிசோதனைச்சாலை மேஜைமீது பொறி தெறித்துக்கொண்டிருந்த கருவியை, எண்ணெய் எஞ்சினும் 25 கிலோவாட் மின்னாக்கியும் கொண்ட ஒரு மின்நிலையமாகவே மாற்றி அமைத்துக் கொடுத்தார். வெளியே 200 அடி உயரமுள்ள இருபது கம்பங்கள் வட்டமாக நிறுத்தப்பட்டன. ஒன்றையொன்று பற்றி நிற்கும் இந்த அமைப்புப் புயலுக்குத் தாங்காது என்று பொறியாளர் விவியன் முன்னரே எச்சரித்திருந்தார். 1901 செப்டம்பர் 17-ஆம் தேதி வீசிய காற்று அவர் சொன்னதை மெய்ப்பித்தது, இருபதும் சாய்ந்தன. அமெரிக்காவில் கேப் காட் முனையில் நிறுத்திய ஜோடி அமைப்பும் நவம்பரில் விழுந்தது. எனவே போல்டூவில் இரண்டே கம்பங்களை நட்டு, விசிறி போல ஐம்பத்து நான்கு கம்பிகளைத் தொங்கவிட்டுவிட்டு, மார்க்கோனி இரண்டு உதவியாளர்களோடு நியூபவுண்டுலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

அங்கே செயிண்ட் ஜான்ஸ் நகரத்தை அடுத்த சிக்னல் குன்றின்மேல், டிசம்பர் மாதத்துக் கடுங்காற்றில், பலூன் ஒன்றைப் பறிகொடுத்த பிறகு, பட்டமொன்றில் கட்டி ஏற்றிய 500 அடிக் கம்பியின் உதவியால், டிசம்பர் 12-ஆம் தேதி நண்பகல் பன்னிரண்டரை மணிக்கு, மோர்ஸ் சங்கேதத்தில் 'எஸ்' என்ற எழுத்தைக் குறிக்கும் மூன்று புள்ளிகளைக் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். பட்டம் ஏறி இறங்குந்தோறும் கம்பியின் மின்தன்மை மாறிக்கொண்டே இருந்தபடியால், சுருதி சேர்த்த நுட்பமான கருவி பயன்படவில்லை. பாதரசத்தால் இயங்கும் எளிய உணர்கருவி ஒன்றைத் தொலைபேசிக் குழலோடு இணைத்துக் காதால் கேட்கவேண்டியதாயிற்று. (அத்தகைய கருவியை நம் ஜகதீச சந்திர போஸ் 1899-லேயே லண்டன் ராயல் சொஸைட்டிக்கு எழுதிய கட்டுரையில் விவரித்திருந்தார் என்பதை மேல்நாட்டார் நெடுங்காலம் பேசாதிருந்தது வருந்தத்தக்கது.) காகிதத்தில் பதிவு இல்லை, கேட்டவர்கள் மார்க்கோனியும் அவருடைய உதவியாளர் கெம்பும் மாத்திரமே, வானத்து மின்சலனங்களும் குழலில் புள்ளி போலவே ஒலிக்கக்கூடியவை. இத்தனை இருந்தும் உலகப் பத்திரிகைகள் அந்தச் செய்தியைக் கொண்டாடின.

என் அபிப்பிராயத்தில், கொண்டாடத் தக்கது அந்த டிசம்பர் நண்பகல் அல்ல, அதற்கடுத்த பிப்ரவரி மாதமே. சந்தேகித்தவர்களுக்கு விடையளிக்க விரும்பிய மார்க்கோனி, 1902 பிப்ரவரியில் 'பிலடெல்பியா' என்னும் கப்பலில் சென்றுகொண்டே, மாலுமிகள் பார்த்திருக்க, போல்டூவின் செய்திகளைக் காகித நாடாவில் பதித்துக்காட்டினார். முழுச் செய்திகள் 1,551 மைல் வரையிலும், 'எஸ்' எழுத்து 2,099 மைல் வரையிலும் கிடைத்தன. ஆனால் அவை இரவில் கிடைத்தவை; பகலிலோ சுமார் 700 மைலோடு சைகை மங்கிவிட்டது. நிரூபிக்க வந்த இடத்தில், டிசம்பர் மாதத்து நண்பகல் வெற்றியின்மீதே ஐயம் படியச்செய்யும் இவ்வுண்மையை அவர் மறைக்காமல் வெளியிட்டதே விஞ்ஞானத்துக்குக் கிடைத்த பெரும்பேறு. அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிஸைடும், வானத்தின் மேற்பகுதியில் மின்னேற்றம் பெற்ற அடுக்கு ஒன்று இருந்து அலைகளைப் பூமிக்குத் திருப்புகிறது என்று ஊகித்தார்கள். பௌதிக சாஸ்திரி ஆப்பிள்டன் அதனை 1924-இல் நிலைநாட்டினார்.

கடலடிக் கம்பிக் கம்பெனிகளுக்கோ அந்த மூன்று புள்ளிகள் மெய்யா பொய்யா என்று ஆராயும் பொறுமை இல்லை. நியூபவுண்டுலாந்தில் தந்தியின் ஏகபோக உரிமை பெற்றிருந்த ஆங்கிலோ-அமெரிக்கன் கம்பெனி வழக்குத் தொடுப்பதாக மிரட்டவே, மார்க்கோனி கனடா அரசாங்கத்தின் ஆதரவோடு கிளேஸ் பே என்னுமிடத்துக்குச் சென்றுவிட்டார். 1870 முதல் பம்பாய்த் தந்திகள் கரையேறி வந்த போர்த்கர்னோ, போல்டூவிலிருந்து ஒரு விரிகுடாவுக்கு அப்பால்தான் இருந்தது. அதன் உரிமையாளரான ஈஸ்டர்ன் தந்திக் கம்பெனியார், நெவில் மாஸ்கெலின் என்ற ஜாலவித்தைக்காரரை அமர்த்தி, போல்டூவின் செய்திகளை ஒட்டுக்கேட்கச் செய்தார்கள். கம்பியில்லாத் தந்தியில் ரகசியம் இல்லை என்று காட்டுவதே நோக்கம். 1903 ஜூனில் பிளெமிங் லண்டனில் பகிரங்கப் பிரசங்கம் செய்துகொண்டிருக்கையில், போல்டூவிலிருந்து செய்தி வருவதற்குச் சற்று முன்பாகக் கருவி தானே 'எலிகள், எலிகள்' என்று தட்டத் தொடங்கி, மார்க்கோனியைப் பரிகசிக்கும் பாட்டையும் பொழிந்தது. அருகிலிருந்து அலைகளை ஏவியவர் மாஸ்கெலினே.

பரிகாசத்தால் போல்டூ ஓயவில்லை. கப்பல்களுக்கு அன்றாடச் செய்தி அனுப்பும் நிலையமாக அது நீடித்தது. 1923-லும் அதற்கடுத்த ஆண்டிலும் பிராங்க்ளின் என்ற பொறியாளர் அங்கே சிற்றலைகளை ஒரு திசையில் குவித்து அனுப்பிப் பார்த்ததில், குறைந்த சக்தியும் குறைந்த செலவும் ஆஸ்திரேலியா வரையிலும் எட்டப் போதும் என்பது தெரியவந்தது. அம்முறைப்படி 1927-இல் புனேக்கு அருகே கிர்க்கியிலும் தோண்டிலும் அமைந்த நிலையங்கள் லண்டனோடு நேரே பேசின. பேரெஞ்சின் கொண்டு தூரத்தை வெல்லலாம் என்ற பழைய கொள்கையை, அதற்காகவே கட்டப்பட்ட போல்டூவே பொய்யாக்கிற்று. கம்பி வழித் தந்தியின் வருமானம் மளமளவென்று குறைய, சாம்ராஜ்ய அரசாங்கங்கள் இரு தரப்பாரையும் இணங்கவைத்தன. 1929-இல் ஈஸ்டர்ன் தந்திக் கம்பெனியின் கம்பித் தொழிலும் மார்க்கோனி கம்பெனியின் கம்பியில்லாத் தந்தித் தொழிலும் ஒரே ஸ்தாபனத்தின் கீழ் வந்தன.